புள்ளிக்கு மட்டும் கதிர்

நுரையீரலிலோ மார்பகத்திலோ தோன்றிய புற்றுநோய் அங்கிருந்து பிரிந்து, இரத்த ஓட்டத்தோடு பயணித்து, மூளைக்குள் சென்று வேர்பிடிக்கும்போது அதைப் பேச்சுவழக்கில் 'மூளைப் புற்றுநோய்' என்று சொல்லிவிடுகிறார்கள் என்றாலும், மருத்துவம் அதை அவ்வாறு வகைப்படுத்துவதில்லை. மூளைக்குள் குடியேறிய பிறகும் அந்தச் செல்கள் நுரையீரல் புற்றுச் செல்களாகவோ மார்பகப் புற்றுச் செல்களாகவோதான் இருக்கின்றன. எந்த மருந்துக்குப் பணியும், எதற்குப் பணியாது என்பதையும் பிறந்த உறுப்பின் இயல்பே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. இவ்வாறு வேறோர் உறுப்பிலிருந்து வந்து வளர்வதைப் பரவல் கட்டி என்பர். பெரியவர்களின் மூளையில் காணப்படும் புற்றுக் கட்டிகளில், அங்கேயே பிறந்தவற்றைவிட இப்படி வந்து குடியேறியவையே மிகுதி. நுரையீரல், மார்பகம், மெலனோமா எனப்படும் நிறமிச் செல் புற்று, சிறுநீரகம், பெருங்குடல் ஆகியவை இதன் முதன்மையான பிறப்பிடங்கள்.

லண்டனைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் பிரேதப் பரிசோதனைப் பதிவுகளை ஆராய்ந்து, புற்றுச் செல்கள் விதைகளைப்போல எங்கும் சிதறினாலும் தமக்கேற்ற மண்ணில் மட்டுமே முளைக்கின்றன என்று 1889-இல் எழுதினார். மூளை அத்தகைய மண்களுள் ஒன்று. அதன் புறப்பகுதியான சாம்பல் நிறப் பொருளும் உட்பகுதியான வெண்பொருளும் சந்திக்கும் எல்லையில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சட்டென்று குறுகுவதால், மிதந்துவரும் செல்கள் அங்கே சிக்கிக்கொள்கின்றன. பெரும்பாலான பரவல் கட்டிகள் இந்த எல்லையில்தான் தென்படுகின்றன. மூளைக்குள் ஓடும் குழாய்களின் சுவர் நெருக்கமாகப் பின்னப்பட்டு, இரத்தத்தில் உள்ள நச்சுகள் பலவற்றை உள்ளே விடாமல் தடுக்கிறது. அதே சுவர் கீமோதெரபி மருந்துகளில் பலவற்றையும் போதிய அளவில் உள்ளே விடுவதில்லை. காவலுக்குக் கட்டிய மதில் இங்கே கள்வனுக்கு அரணாகிவிடுகிறது. மருந்து தயங்கி நிற்கும் இந்த இடத்தில்தான் கதிர்வீச்சு முக்கியத்துவம் பெறுகிறது. மதில்கள் எதுவும் கதிருக்குப் பொருட்டல்ல.

அந்தக் கதிரை எவ்வளவு பரப்புக்குச் செலுத்துவது என்ற கேள்விக்கு, இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஒரே விடைதான் இருந்தது: முழு மூளைக்கும். 1950-களிலிருந்து நடைமுறையில் வந்த இந்தச் சிகிச்சையில், தலையின் இரு பக்கங்களிலிருந்தும் கதிரைச் செலுத்தி, பொதுவாக 10 நாள்களில் மொத்தம் 30 கிரே அளிக்கப்படுகிறது. கிரே என்பது உட்கவரப்பட்ட கதிரின் அலகு. ஒரு கிலோ திசு ஒரு ஜூல் ஆற்றலை ஏற்றால் அது ஒரு கிரே. முழு மூளைக்கும் கதிர் வைத்ததற்கு அக்காலத்தில் நியாயமான காரணங்கள் இருந்தன. ஸ்கேன் கருவிகள் வருவதற்கு முன் கட்டி எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கின்றன என்பதைத் துல்லியமாக அறிய வழியில்லை; கண்ணுக்குத் தெரியும் ஒன்றுக்குப் பின்னால் தெரியாதவை பல இருக்கக்கூடும் என்ற அச்சமும் ஆதாரமற்றதன்று. நோயாளிகள் பெரும்பாலும் சில மாதங்களே உயிர்வாழ்ந்ததால், நினைவாற்றல் மங்குவதோ சிந்தனை மந்தமாவதோ சிகிச்சையின் விளைவா, நோயின் விளைவா என்று பிரித்தறியவும் கால அவகாசம் இருக்கவில்லை. பின்விளைவு தெரியாமல் போனதற்கு நோயாளியின் குறுகிய ஆயுளும் ஒரு காரணம் என்பது இந்த வரலாற்றின் கசப்பான உண்மை.

இதற்கு மாற்றாக எழுந்த முறைக்கு 'ஸ்டீரியோடாக்டிக் ரேடியோசர்ஜரி' என்று பெயர். தமிழில் கதிர் அறுவை எனலாம். பெயரின் முதற்பகுதி, முப்பரிமாண வெளியில் ஓர் இடத்தை நீளம், அகலம், ஆழம் என்ற மூன்று எண்களால் குறித்து அதைச் சென்றடையும் நுட்பத்தைச் சுட்டுகிறது. நிலவரைபடத்தில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் செய்யும் வேலையை, மண்டையோட்டில் பொருத்தப்பட்ட ஓர் உலோகச் சட்டகம் மூளைக்குச் செய்கிறது. விலங்குகளின் மூளையை ஆராய இத்தகைய சட்டகம் ஒன்றை விக்டர் ஹார்ஸ்லியும் ராபர்ட் கிளார்க்கும் 1908-இல் லண்டனில் விவரித்தனர். மனிதருக்கு அதைப் பயன்படுத்தும் முறையை ஸ்பீகல், வைசிஸ் என்ற இருவர் 1947-இல் பிலடெல்பியாவில் உருவாக்கினர்.

சட்டகத்தையும் கதிரையும் இணைத்தவர் சுவீடனின் நரம்பியல் அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல். ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த அவர், 1949-இல் தாமே வடிவமைத்த அரைவட்டச் சட்டகத்தை வெளியிட்டார். அதில் ஊசி செல்லவேண்டிய இடத்தில் கதிரைச் செலுத்தினால் என்ன என்று எண்ணி, 1951-இல் 'ரேடியோசர்ஜரி' என்ற சொல்லையே உருவாக்கினார். அவருடைய நோக்கம் புற்றுநோயாக இருக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. தீராத வலி, நடுக்கம், மனநலக் கோளாறுகள் ஆகியவற்றுக்காக மூளையின் ஆழத்தில் உள்ள ஒரு சிறு புள்ளியை, மண்டையைத் திறக்காமல் செயலிழக்கச் செய்யவே அவர் முயன்றார். முதலில் எக்ஸ்-கதிர்க் குழாயையும், பிறகு உப்சாலாவின் இயற்பியலாளர் போர்யே லார்சனுடன் சேர்ந்து புரோட்டான் கற்றையையும் முயன்று பார்த்து, இறுதியில் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளைத் தேர்ந்தார். 1968-இல் ஸ்டாக்ஹோமில் நிறுவப்பட்ட முதல் 'காமா நைஃப்' கருவியில் 179 கோபால்ட் மூலங்கள் ஓர் அரைக்கோளத்தில் பதிக்கப்பட்டிருந்தன; பின்வந்த கருவிகளில் அவை 201 ஆகவும், 2006-இல் வெளியான வடிவத்தில் 192 ஆகவும் அமைந்தன. பரவல் கட்டிகளுக்கு இந்த முறை பரவலாகப் பயன்படத் தொடங்கியது 1980-களின் பிற்பகுதியிலிருந்துதான்; எம்.ஆர்.ஐ. படங்கள் சில மில்லிமீட்டர் கட்டியையும் காட்டத் தொடங்கியது அதற்குப் பெருந்துணையாயிற்று. வலிக்கென்று செய்த கருவி புற்றுநோய்க்கு இவ்வளவு பொருந்திப்போனதற்குக் காரணம் பரவல் கட்டியின் வடிவம். மூளையிலேயே பிறக்கும் கிளையோமா போன்ற கட்டிகள் எல்லை தெரியாமல் சுற்றுத்திசுவுக்குள் ஊடுருவுகின்றன. பரவல் கட்டியோ பெரும்பாலும் உருண்டையாக, அக்கம்பக்கத் திசுவை ஒதுக்கித் தள்ளியபடி, வரம்பு கட்டியதுபோல வளர்கிறது. வரம்பு தெரிகிற எதையும் குறிவைக்க முடியும்.

பெயரில் கத்தி இருந்தாலும் கருவியில் கத்தி எதுவும் இல்லை. 192 துளைகள் வழியாக வரும் கதிர்களில் ஒவ்வொன்றும் தனித்தனியே வலுவற்றது. தான் கடந்துசெல்லும் மூளைத் திசுவுக்கு அது குறிப்பிடத்தக்க கேடு செய்வதில்லை. அவை அனைத்தும் ஒரே புள்ளியில் சந்திக்கும்போதுதான் அந்தப் புள்ளியில் மட்டும் கதிரளவு மலைபோல உயர்ந்து, அதன் விளிம்பைத் தாண்டியதும் சில மில்லிமீட்டர் தூரத்துக்குள் செங்குத்தாகச் சரிகிறது. காமா நைஃப் சிகிச்சையில் கட்டியின் விளிம்புக்கு 20 கிரே என்று தீர்மானித்தால், நடுப்பகுதிக்கு அதன் இருமடங்கு வரை சென்றுசேருவது வழக்கம். சிகிச்சையன்று காலையில், மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டு, சட்டகத்தை நான்கு திருகாணிகளால் மண்டையோட்டின் வெளிப்புறத்தில் பொருத்துகிறார்கள்; அதனுடனேயே எம்.ஆர்.ஐ. எடுத்து, திட்டமிட்டு, கதிர் அளித்து, அன்றைக்கே சட்டகத்தைக் கழற்றிவிடுகிறார்கள். இப்போது பல இடங்களில் சட்டகத்துக்குப் பதிலாக, சூட்டில் இளக்கி முகத்தின் மேல் படியவைத்து இறுகச்செய்யும் முகமூடி பயன்படுகிறது.

தமிழ்நாட்டு நோயாளிகள் கதிர்வீச்சுச் சிகிச்சையைக் 'கரண்ட் வைப்பது' என்று சொல்வதுண்டு. மின்சாரம் பாய்ச்சி எரிப்பதுபோன்ற ஓர் அச்சமும் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. உண்மையில் 20 கிரே கதிர், திசுவின் வெப்பத்தை ஒரு டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு அளவுக்கே உயர்த்தும். அதனால் எதுவும் வேகாது. செல்லின் உட்கருவில் உள்ள டி.என்.ஏ. இழைகளைக் கதிர் அறுத்துவிடுவதே அதன் வேலை. அறுந்த இழையோடு புற்றுச் செல் பிளவுபட முயலும்போது மடிகிறது. ஆகவே கட்டி அன்றைக்கே மறைந்துவிடுவதில்லை. வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில் சுருங்குகிறது. நாள்தோறும் சிறிது சிறிதாகக் கொடுக்கும் கதிரைத் தாங்கிக்கொள்வதாகக் கருதப்பட்ட மெலனோமாவும் சிறுநீரகப் புற்றும், ஒரே தவணையில் வரும் பேரளவுக்குப் பெரும்பாலும் பணிந்துவிடுகின்றன என்பது இந்தத் துறை கண்ட இனிய வியப்புகளில் ஒன்று.

கோபால்ட் ஒன்றே வழி என்பதும் இல்லை. புற்றுநோய் மருத்துவமனைகளில் 'லினாக்' என்று அழைக்கப்படும் நேர்முடுக்கி, எலெக்ட்ரான்களை வேகமூட்டி எக்ஸ்-கதிரை உண்டாக்கி, நோயாளியைச் சுற்றிச் சுழன்று அதே வேலையைச் செய்கிறது. ஸ்டாக்ஹோமில் லெக்செலிடம் பயின்ற அமெரிக்க மருத்துவர் ஜான் ஆட்லர், ரோபோக் கையில் சிறு முடுக்கியைப் பொருத்திய சைபர்நைஃப் கருவியை உருவாக்கினார். அதில் முதல் நோயாளி 1994-இல் ஸ்டான்ஃபோர்டில் சிகிச்சை பெற்றார். எந்தக் கருவி சிறந்தது என்ற விற்பனையாளர் விவாதத்தில் நோயாளி சிக்கிக்கொள்ளத் தேவையில்லை. கருவியின் பெயரைவிட, அதை நாள்தோறும் அளந்து சரிபார்க்கும் மருத்துவ இயற்பியலாளரின் கண்டிப்பே பெரிது. ஒரு சிறு உலோகக் குண்டை மையத்தில் வைத்துப் பல கோணங்களிலிருந்து படம் எடுத்து, கதிரின் மையமும் குண்டின் மையமும் ஒன்றுபடுகின்றனவா என்று பார்க்கும் சோதனையை, பாஸ்டனைச் சேர்ந்த வின்ஸ்டன், லுட்ஸ் என்ற இருவர் 1988-இல் வகுத்தனர்; இன்றும் லினாக் வழிக் கதிர் அறுவைக்கு முன் இது அவர்கள் பெயரிலேயே நடத்தப்படுகிறது.

எவ்வளவு கதிர் என்பதைக் கட்டியின் பருமன் முடிவு செய்கிறது. அமெரிக்காவில் நடந்து 2000-இல் வெளியான ஆய்வொன்று, முன்பே கதிர் பெற்றவர்களிடம் ஒரே தவணையில் பாதுகாப்பாகத் தரத்தக்க உச்ச அளவைக் கண்டறிந்தது: 2 சென்டிமீட்டர் வரையுள்ள கட்டிக்கு 24 கிரே, 3 வரை 18, 4 வரை 15. பெரிய கட்டிக்கே குறைந்த கதிர் என்பது முரணாகத் தோன்றும். கட்டி பெருக்கப் பெருக்க அதைச் சுற்றியுள்ள நல்ல மூளை வாங்கிக்கொள்ளும் கதிரும் கூடுகிறது என்பதே அதன் விளக்கம். தாங்குவது யார் என்ற கணக்கில் கட்டிக்கு இடமில்லை, மூளைக்கே இடம். அதனால்தான் பெரிய கட்டிகளுக்கு இப்போது மூன்று அல்லது ஐந்து தவணைகளாகப் பிரித்துக் கொடுப்பதும், மூளையை அழுத்தி வீங்கச் செய்பவற்றை முதலில் அறுவை செய்து அகற்றிவிட்டு, அகற்றிய குழிக்குக் கதிர் வைப்பதும் வழக்கமாகியுள்ளன.

இனி இக்கட்டுரையின் மையக் கேள்விக்கு வரலாம். கண்ட புள்ளிகளுக்கு மட்டும் கதிர் வைத்துவிட்டு முழு மூளைக் கதிரைக் கைவிட்டால், கண்ணுக்குத் தெரியாத விதைகள் முளைத்து நோயாளி சீக்கிரம் இறந்துவிடமாட்டாரா? ஜப்பானில் 11 மருத்துவமனைகளில், ஒன்று முதல் நான்கு கட்டிகள் கொண்ட 132 பேரிடம் நடத்தப்பட்டு 2006-இல் வெளியான ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. கதிர் அறுவை மட்டும் பெற்றவர்களில் 76.4 விழுக்காட்டினருக்கு ஓராண்டுக்குள் மூளையில் மீண்டும் கட்டி தோன்றியது. முழு மூளைக் கதிரையும் சேர்த்துப் பெற்றவர்களில் அது 46.8 விழுக்காடு. அச்சம் பொய்க்கவில்லை. ஆனால் உயிர்வாழ்ந்த இடைநிலைக் காலம் முதல் பிரிவில் 8.0 மாதம், இரண்டாம் பிரிவில் 7.5 மாதம், இவ்விரண்டுக்கும் இடையே புள்ளியியல் நோக்கில் வேறுபாடு இல்லை. மீண்டும் முளைத்தவற்றை மீண்டும் குறிவைக்க முடிந்ததும், பலரது ஆயுளை மூளைக்கு வெளியே இருந்த நோயே தீர்மானித்ததும் இதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன.

ஆயுள் சமம் என்றானபின், எப்படி வாழ்ந்தார்கள் என்ற கேள்வி முன்னுக்கு வந்தது. டெக்சாஸின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், நோயாளிகளுக்கு 12 சொற்களைப் படித்துக் காட்டி, நினைவில் நின்றவற்றைத் திருப்பிச் சொல்லவைத்தார்கள். எளிய சோதனைதான்; ஆனால் கடைக்குச் சென்றவர் என்ன வாங்க வந்தோம் என்பதை நினைவில் வைத்திருக்கிறாரா என்பதை அளக்க இதைவிடப் பொருத்தமானது கிடைப்பது அரிது. நான்காம் மாதத்தில், முழு மூளைக் கதிரும் சேர்த்துப் பெற்ற பிரிவில் நினைவு குறிப்பிடத்தக்க அளவு சரிவதற்கான வாய்ப்பு 52 விழுக்காடாகவும், கதிர் அறுவை மட்டும் பெற்ற பிரிவில் 24 விழுக்காடாகவும் கணக்கிடப்பட்டது. வேறுபாடு இவ்வளவு தெளிவானதால், 58 பேர் சேர்ந்த நிலையிலேயே ஆய்வு நிறுத்தப்பட்டது. 213 பேரைக் கொண்டு 2016-இல் வெளியான பெரிய ஆய்வொன்றும் இதையே உறுதிசெய்தது: மூன்றாம் மாதத்தில் அறிவாற்றல் சரிவு கண்டோர், முழு மூளைக் கதிரும் சேர்த்துப் பெற்ற பிரிவில் 91.7 விழுக்காடு, கதிர் அறுவை மட்டும் பெற்ற பிரிவில் 63.5 விழுக்காடு. இந்த எண்களை மேற்கோள் காட்டுவோர் பலரும் அந்த 63.5-ஐ விரைந்து கடந்துவிடுகிறார்கள். துல்லியக் கதிர் மட்டுமே பெற்றவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் ஏதேனும் ஒரு சோதனையில் பின்தங்கினார்கள் என்றால், நோயும் மருந்துகளும் தாமாகவே மூளையைத் தின்கின்றன என்று கருத இடமுண்டு. கதிர் அறுவை அந்தச் சுமையைக் குறைக்கிறது, இல்லாமல் செய்வதில்லை.

கட்டியைக் கட்டுப்படுத்துவதும் நோயாளியைக் காப்பதும் ஒன்றே என்று பல்லாண்டுகள் கருதப்பட்டுவந்தது இங்கேதான் உடைந்தது. ஸ்கேன் படத்தில் வென்ற சிகிச்சை வீட்டில் தோற்கக்கூடும். 2014-இல் அமெரிக்கக் கதிர்வீச்சுப் புற்றுநோயியல் சங்கம், சில கட்டிகளே உள்ளவர்களுக்குக் கதிர் அறுவையோடு முழு மூளைக் கதிரை வழக்கமாகச் சேர்க்கவேண்டாம் என்று தன் உறுப்பினர்களுக்கு அறிவுறுத்தியது. அதே ஆண்டு ஜப்பானின் 23 மையங்களிலிருந்து 1,194 நோயாளிகளைப் பற்றி வெளியான ஆய்வு, எத்தனை கட்டிகள் வரை என்ற வரம்பையும் அசைத்தது: இரண்டு முதல் நான்கு கட்டிகள் உள்ளவர்களும், ஐந்து முதல் பத்து உள்ளவர்களும் கதிர் அறுவைக்குப் பின் ஒரே இடைநிலைக் காலமான 10.8 மாதம் வாழ்ந்தார்கள். எண்ணிக்கையைவிட, எல்லாக் கட்டிகளும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும் மொத்தப் பருமனே முக்கியம் என்ற கருத்து அதன்பின் வலுப்பெற்றது.

இந்தச் சிகிச்சையின் பெயரை உலகறியச் செய்தவர் அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர். மெலனோமா தம் மூளையில் நான்கு இடங்களில் பரவியிருப்பதாக 2015 ஆகஸ்ட் 20 அன்று அட்லாண்டாவில் செய்தியாளர்களிடம் தெரிவித்தபோது அவருக்கு வயது 90. ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். எமரி பல்கலைக்கழகத்தின் புற்றுநோய் மையத்தில் அந்த நான்கு புள்ளிகளுக்கும் துல்லியக் கதிரும், கூடவே பெம்பிரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தும் அளிக்கப்பட்டன. டிசம்பரில் புற்றின் தடயம் இல்லை என்று அவர் அறிவித்தார். அதன்பின் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்து, 2024 டிசம்பர் 29 அன்று தமது 100-ஆவது வயதில் காலமானார். இந்த வெற்றியைக் கதிருக்கு மட்டும் உரியதாக எழுதுவது நேர்மையாகாது. உடலின் தற்காப்புச் செல்களைத் தடுத்துவைத்திருக்கும் பூட்டைத் திறந்துவிடும் அந்த மருந்து, 2014 செப்டம்பரில்தான் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றிருந்தது. இரண்டு ஆண்டுகள் முன்னதாக நோய் வந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம். இன்று நுரையீரல் புற்றின் சில மரபணு வகைகளுக்கு மூளைக்குள்ளும் புகுந்து செயல்படும் மாத்திரைகள் இருப்பதால், சிறு கட்டிகளுக்குக் கதிரை உடனே தொடங்குவதா, மருந்துக்கு அவகாசம் தருவதா என்ற விவாதமே எழுந்துள்ளது.

முழு மூளைக் கதிர் வழக்கொழிந்துவிடவில்லை. எண்ணற்ற புள்ளிகளாகச் சிதறியவர்களுக்கும், மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வில் நோய் படர்ந்தவர்களில் சிலருக்கும், விரைந்து பரவும் சிறுசெல் நுரையீரல் புற்றுக்கும் அது இன்னும் தேவைப்படுகிறது. ஆனால் அதுவும் குறிவைப்பிலிருந்து பாடம் கற்றிருக்கிறது: புதிய நினைவுகள் பதியும் ஹிப்போகாம்பஸ் என்ற சிறு பகுதிக்குக் கதிர் படாமல் வளைத்துச் செலுத்தும் முறையை, 518 பேரிடம் நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வு, அறிவாற்றல் சரிவு குறைவதை நிறுவியது. மறுபுறம், அறுவைக்கோ கதிர் அறுவைக்கோ பொருந்தாத நிலையில் இருந்த நுரையீரல் புற்று நோயாளிகளுக்கு முழு மூளைக் கதிரால் பெரும் பயன் இல்லை என்பதை, 538 பேரைக் கொண்டு பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த ஆய்வு 2016-இல் காட்டியது. கதிர் பெற்றவர்கள் 9.2 வாரமும், பெறாமல் அறிகுறிகளுக்கான கவனிப்பு மட்டும் பெற்றவர்கள் 8.5 வாரமும் வாழ்ந்தார்கள். சிலருக்கு எந்தக் கதிரும் வேண்டாம் என்பதும் மருத்துவ முடிவுதான்.

புள்ளிக்கு மட்டும் கதிர் பெற்றவர், சிகிச்சை முடிந்து வீடு திரும்பினாலும் மருத்துவமனையிலிருந்து விடுபட்டுவிடுவதில்லை. தொடாமல் விட்ட மூளையில் புதிய புள்ளி முளைக்கக்கூடும் என்பதால், இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அவர் எம்.ஆர்.ஐ. எடுத்தாக வேண்டும், அந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்க வசதியில்லாத இடத்தில் இந்த முறையின் கணக்கே மாறிவிடும். இன்னொரு சிக்கல், கதிர் பட்ட இடத்திலேயே எழுகிறது. மாதங்கள் கழித்து, சிலருக்கு ஓராண்டுக்குப் பிறகு, அங்குள்ள திசு மடிந்து வீங்குவதுண்டு. கதிர்த் திசுச்சிதைவு எனப்படும் இது, எம்.ஆர்.ஐ. படத்தில் வெண்ணிற வளையமாக, மீண்டும் வளரும் கட்டியைப் போலவே தோற்றமளிக்கிறது. சிதைவு என்றால் வீக்கத்தை வடியச்செய்யும் ஸ்டீராய்டோ பெவாசிசுமாப் என்ற மருந்தோ பெரும்பாலும் போதும். கட்டி என்றால் மறுபடியும் கதிரோ அறுவையோ தேவை. இரத்த ஓட்டத்தை அளக்கும் ஸ்கேன், பெட் ஸ்கேன் என்று கருவிகள் பல இருந்தும், அந்த வளையம் செத்த திசுவா, உயிருள்ள கட்டியா என்று அனுபவமிக்க மருத்துவர்களாலும் பல வேளைகளில் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. நோயாளிக்கு வேறு தொல்லை இல்லையென்றால், ஆறு அல்லது எட்டு வாரம் கழித்து இன்னொரு படம் எடுத்து, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறார்கள்.